லண்டனில் குண்டு விழுந்தபோது சூப்பர்ஹீரோ எங்கே போனார்? டேபிள்டாப் கேமுக்காக போர்க்கால பிரிட்டிஷ் ஹீரோக்களை உருவாக்குவது எப்படி?

1940 செப்டம்பர் 7, சனிக்கிழமை. லண்டனின் கிழக்குப் பகுதி மீது ஜெர்மன் விமானங்கள் குண்டுமழை பொழிந்தன. அன்று தொடங்கி தொடர்ச்சியாக 57 இரவுகள் லண்டன் தூங்கவில்லை. 1941 மே வரை நீடித்த இந்தத் தாக்குதலுக்கு 'பிளிட்ஸ்' என்று பெயர். பிரிட்டன் முழுவதும் சுமார் 43,000 பொதுமக்கள் உயிரிழந்தார்கள்.

இப்போது ஒரு கேள்வி. அந்த இரவுகளில் பறக்கத் தெரிந்த, குண்டு துளைக்காத ஒரு சூப்பர்ஹீரோ பிரிட்டனிடம் இருந்திருந்தால்?

இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு, மேஜையைச் சுற்றி உட்கார்ந்து மாதக்கணக்கில் விளையாடுபவர்கள் இருக்கிறார்கள். கேட்க ஜாலியாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே ஒரு முள் இருக்கிறது. அப்படி ஒருவர் இருந்தும் 43,000 பேர் இறந்தார்கள் என்றால், அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? போர்க்கால ஹீரோக்களை உருவாக்கும் ஒவ்வொருவரும் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான்.

டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் என்றால் என்ன?

மொபைல் கேம் மாதிரி இதில் ஸ்கிரீன் கிடையாது. நான்கைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். அதில் ஒருவர் 'கேம் மாஸ்டர்'. கதை நடக்கும் உலகத்தைச் சொல்பவர் அவர்தான். மற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு கதாபாத்திரம். அந்தப் பாத்திரத்தின் பெயர், திறமை, பலவீனம் எல்லாம் எழுதியிருக்கும் தாளுக்கு 'கேரக்டர் ஷீட்' என்று பெயர்.

"நான் அந்தக் கதவை உடைக்கிறேன்" என்று பிளேயர் சொன்னால் மட்டும் கதவு உடைந்துவிடாது. பகடை உருட்ட வேண்டும். உதாரணத்துக்கு, 20 பக்கம் கொண்ட பகடை. கேம் மாஸ்டர் வைக்கும் இலக்கு 15. உங்கள் பாத்திரத்தின் திறமைக்கு 6 புள்ளி என்றால், பகடையில் 9 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். அதாவது வெற்றி வாய்ப்பு 60 சதவீதம். மீதி 40 சதவீதத்தில்தான் கதையே சூடு பிடிக்கும்.

1974இல் வெளிவந்த 'டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இந்த வகை விளையாட்டுக்குத் தொடக்கம். ஒரே கதையைப் பல வாரம் தொடர்ந்து விளையாடினால் அது 'கேம்பெய்ன்'.

பிரிட்டனுக்கு அப்போது சொந்த சூப்பர்ஹீரோ இல்லையா?

அமெரிக்காவில் 1938இலேயே சூப்பர்மேன் வந்துவிட்டார். அமெரிக்கா போரில் குதிப்பதற்கு முன்பே, ஹிட்லர் முகத்தில் குத்துவிடும் அட்டைப்படத்துடன் கேப்டன் அமெரிக்காவும் கடைக்கு வந்துவிட்டார்.

பிரிட்டன் நிலைமை வேறு. அங்கே பேப்பருக்கே தட்டுப்பாடு. குழந்தைகள் விரும்பிப் படித்த 'டான்டி', 'பீனோ' என்ற இரண்டு காமிக்ஸ் இதழ்களும் 1941 முதல் வாரம் மாற்றி வாரம்தான் வந்தன. 1943இல் 'டெய்லி மிரர்' நாளிதழில் 'கார்த்' என்ற பலசாலி நாயகன் அறிமுகமானார். ஆனால் அமெரிக்காவில் நடந்த மாதிரி சூப்பர்ஹீரோ அலை எதுவும் பிரிட்டனில் அப்போது அடிக்கவில்லை.

இன்று காமிக்ஸ் ரசிகர்களுக்குத் தெரிந்த 'யூனியன் ஜாக்', 'ஸ்பிட்ஃபயர்' போன்ற போர்க்கால பிரிட்டிஷ் ஹீரோக்கள், போர் முடிந்து சுமார் 30 வருடம் கழித்து, 1970களில் அமெரிக்காவின் மார்வெல் நிறுவனம் உருவாக்கியவர்கள். ஒருவர் பிரபு, இன்னொருவர் பிரபுவின் மகள். கிழக்கு லண்டன் தொழிலாளி வீட்டிலிருந்து ஒரு ஹீரோ? அந்த இடம் காலியாகவே கிடக்கிறது. கேம் விளையாடுபவர்களுக்கு அதுதான் வாய்ப்பு.

காமிக்ஸில் இல்லை, ஆனால் பேப்பரில் வந்த 'சூப்பர் பவர்'

போர்க்கால பிரிட்டனில் ஒரு சூப்பர் பவர் கதை நிஜமாகவே பரவியது. ஜான் கன்னிங்ஹாம் என்ற விமானி, இருட்டில் எதிரி விமானங்களைத் தேடிப் பிடித்து வீழ்த்தினார். எப்படி முடிந்தது? அவருக்குப் 'பூனைக்கண்' என்றார்கள். விமானிகள் நிறைய கேரட் சாப்பிடுவதால்தான் ராத்திரியில் கண் நன்றாகத் தெரிகிறது என்று செய்தி பரவியது. கேரட் நிறைய விளைந்திருந்த நேரம் என்பதால், சாப்பிடச் சொல்லி உணவு அமைச்சகமும் பிரசாரம் செய்தது.

உண்மை என்ன? விமானத்துக்குள்ளேயே சின்ன ரேடார் கருவி இருந்தது. அந்த ரகசியத்தை மறைக்கத்தான் பூனைக்கண் கதை. ரேடாரைப் பார்த்து வழி சொன்ன சக வீரரின் பெயர் பேப்பரில் பெரிதாக அடிபடவில்லை.

கேம் மாஸ்டருக்கு இது அல்வா மாதிரி. உங்கள் ஹீரோவின் பவர் நிஜமா, அரசாங்கம் கட்டிவிட்ட கதையா? ஹீரோவுக்கே அது தெரியாவிட்டால்? ஒரு முழு கேம்பெய்னுக்கு இந்த ஒரு சந்தேகம் போதும்.

சிக்கல் எங்கே?

பவரைக் கூட்டுவது ஈஸி. குறைப்பதில்தான் வேலை இருக்கிறது. ஹீரோ ஒரே நாளில் பெர்லினுக்குப் பறந்து ஹிட்லரைத் தூக்கிவிட்டால் விளையாட்டு முதல் வாரமே முடிந்துவிடும். அதைவிட முக்கியம், நிஜத்தில் தீயை அணைத்தவர்கள், இடிபாடுகளைத் தோண்டியவர்கள், வெடிக்காத குண்டைச் செயலிழக்க வைத்தவர்கள் எல்லாம் கதையில் வேடிக்கை பார்க்கும் கூட்டமாகிவிடுவார்கள்.

இதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

1. வரலாற்றையே மாற்றுவது. டன்கர்க், பிளிட்ஸ் எல்லாம் வேறு மாதிரி நடக்கும். சுதந்திரம் அதிகம். ஆனால் சீக்கிரமே அது பிரிட்டன் மாதிரியே இருக்காது.

2. எதிரிக்கும் அதே பவர் கொடுப்பது. இரண்டு பக்கமும் சமம் என்பதால் போர் அதன் போக்கில் நடக்கும். ஆனால் சாதாரண மனிதர்களுக்கு வேலை இல்லாமல் போய்விடும்.

3. வரலாறு அப்படியே இருக்கும், ஹீரோக்கள் அதன் ஓரங்களில் இருப்பார்கள். 2001இல் வந்த 'காட்லைக்' என்ற கேம் ஏறக்குறைய இந்த வழியில்தான் போகிறது. அதில் பவர் உள்ளவர்களும் தோட்டா பட்டால் சாகலாம். போரின் பெரிய போக்கும் மாறாது.

மூன்றாவது வழியில் கேள்வியே மாறிவிடுகிறது. "போரை ஜெயிக்க முடியுமா?" என்பது போய், "இந்தத் தெருவைக் காப்பாற்ற முடியுமா?" என்றாகிறது. ஒரு தெருவுக்குப் பகடை உருட்டும்போதுதான் கை நடுங்கும்.

ஹீரோவின் பாக்கெட்டில் என்ன இருக்கிறது?

பாத்திரம் உருவாக்குவதில் பிரிட்டிஷ் உளவுத்துறையே கில்லாடி. 1943இல் 'ஆபரேஷன் மின்ஸ்மீட்' என்ற திட்டத்தில், இல்லாத ஒரு அதிகாரியை அவர்கள் உருவாக்கினார்கள். பெயர் மேஜர் வில்லியம் மார்ட்டின். இறந்துபோன, வீடற்ற ஒருவரின் உடலுக்கு அந்த வேஷம் போட்டு, போலி ராணுவக் கடிதங்களுடன் ஸ்பெயின் கடற்கரை அருகே மிதக்கவிட்டார்கள். ஜெர்மனியும் ஏமாந்தது.

நம்ப வைத்தது எது? பாக்கெட்டில் இருந்த சின்னச் சின்ன பொருட்கள். காதலியின் போட்டோ, காதல் கடிதங்கள், தியேட்டர் டிக்கெட்டின் கிழித்த பாதி, கணக்கில் இருப்பதைவிட அதிகமாக எடுத்துவிட்டதாக பேங்க் அனுப்பிய கடிதம்.

உங்கள் ஹீரோவுக்கும் இதையே செய்து பாருங்கள். அடையாள அட்டை, ரேஷன் புத்தகம், வாயு முகமூடி வைக்கும் அட்டைப்பெட்டி. இது போக, ஒரு ரகசியம்.

காஸ்ட்யூம் விஷயமும் உண்டு. 1941 ஜூன் முதல் துணிக்கும் ரேஷன். முதல் வருடத்துக்கு ஒருவருக்கு 66 கூப்பன். ஆண்களுக்கான ஒரு ஓவர்கோட்டுக்கே 16 கூப்பன் போய்விடும். அப்படியென்றால் ஹீரோவின் முதுகில் பறக்கும் துணி எங்கிருந்து வந்தது? அம்மாவின் கூப்பனா, திருடிய பாராசூட் பட்டா? பதில் எதுவானாலும் அதில் ஒரு கதை இருக்கிறது.

மாதிரிக்கு நான்கு ஹீரோக்கள்

கீழே இருப்பவை முழுக்க கற்பனைப் பாத்திரங்கள். ஆனால் அவர்கள் பார்க்கும் வேலை நிஜம்.

பிளாக்அவுட்: விமானத் தாக்குதல் எச்சரிக்கை வார்டன். வயது 50க்கு மேல். கையை உயர்த்தினால் ஒரு தெருவின் வெளிச்சம் மொத்தமும் அணைந்துவிடும். மேலே பறக்கும் விமானத்துக்கு அந்தத் தெரு தெரியாது. கீழே வரும் ஆம்புலன்ஸுக்கும் தெரியாது! விளக்கணைப்பு காலத்தில் பிரிட்டனில் சாலை விபத்து மரணங்கள் கூடியது நிஜம். எனவே ஒவ்வொரு முறையும் அவர் யாரைக் காப்பாற்றுவது என்று யோசிக்க வேண்டும்.

செவி: பிளெட்ச்லி பார்க்கில் வேலை பார்க்கும் இளம்பெண். ரேடியோ இல்லாமலேயே அலைவரிசை காதில் கேட்கும். நிறுத்த முடியாது என்பதுதான் பலவீனம். எதிரியின் ரகசியக் குறியீடுகளை உடைத்த அந்த இடத்தில் வேலை பார்த்தவர்களில் நான்கில் மூன்று பங்கு பெண்கள். 1970கள் வரை பெரும்பாலோர் வாய் திறக்கவில்லை. ஆகவே இந்த ஹீரோ ஜெயித்தாலும் வீட்டில் சொல்ல முடியாது.

கரி: 18 வயது பையன். உடம்பு பாறை மாதிரி ஆகும். போர்முனைக்குப் போகத் துடிக்கிறான். ஆனால் 1943 டிசம்பர் முதல், படைக்கு அழைக்கப்பட்ட இளைஞர்களில் பத்தில் ஒருவரைக் குலுக்கல் முறையில் நிலக்கரிச் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். 'பெவின் பாய்ஸ்' என்று பெயர். அவர்களுக்கு யூனிஃபார்ம் கிடையாது. அதனாலேயே தெருவில் 'கோழை' என்று திட்டு வாங்கியவர்கள் உண்டு. தன் பவரைக் காட்டினால் ஊர் வாயை அடைக்கலாம், ரகசியம் போய்விடும். அவன் என்ன செய்வான்?

ஆழி: சரக்குக் கப்பலின் இன்ஜின் அறையில் கரி அள்ளிப்போடும் சில்ஹெட் மாலுமி. தண்ணீருக்குள் மூச்சு விடுவார். டார்பிடோ தாக்கி மூழ்கும் கப்பலிலிருந்து ஆட்களை மேலே கொண்டுவருவார். ஒரே கப்பலில் வெள்ளையர் வாங்குவதைவிடச் சம்பளம் மிகக் குறைவு.

'பிரிட்டிஷ் ஹீரோ' என்றால் யார்?

நான்காவது பாத்திரம் இங்கே கொண்டுவந்து விடுகிறது. சில்ஹெட் இன்று வங்கதேசத்தில் இருக்கிறது. அன்று பிரிட்டிஷ் இந்தியா. அந்த ஆட்சியின் கீழ் சுமார் 25 லட்சம் இந்தியர்கள் ராணுவத்தில் பணியாற்றினார்கள். 1940இல் டன்கர்க் கடற்கரையிலிருந்து மீட்கப்பட்டவர்களில், கோவேறு கழுதைகளுடன் சரக்கு சுமக்கப் பிரான்ஸுக்குப் போன இந்தியப் படையினரும் இருந்தார்கள். லண்டனைக் காத்த விமானிகளில் போலந்துக்காரர்கள் 145 பேர்.

மறுபக்கமும் இருக்கிறது. 1943 வங்கப் பஞ்சத்தில் 30 லட்சம் பேர் வரை இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. பிரிட்டிஷ் அரசின் போர்க்கால முடிவுகள் அந்தப் பஞ்சத்தை மோசமாக்கின என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆழியின் கையில் வீட்டிலிருந்து கடிதம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நாஜிகளுக்கு எதிரான போர் நியாயமானது. அதை நடத்தும் அரசு தன் மக்களுக்கு நியாயமாக இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. அவர் அடுத்த கப்பலில் ஏறுவாரா? இதற்குப் பகடை உருட்ட முடியாது. அந்தப் பிளேயர்தான் பதில் சொல்ல வேண்டும்.

எதைத் தொடாமல் இருப்பது நல்லது?

முதலாவது, யூத இனப்படுகொலை. 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டதற்கு ஒரு மாயாஜால வில்லன்தான் காரணம் என்று கதை கட்டாதீர்கள். கையெழுத்துப் போட்டதும், ரயில் ஓட்டியதும், கதவைப் பூட்டியதும் சாதாரண மனிதர்கள். வில்லனுக்கு பவர் கொடுத்துவிட்டால் அவர்கள் எல்லோரும் தப்பித்துவிடுவார்கள்.

இரண்டாவது, கூட விளையாடுபவர்களின் மனசு. விளையாட்டு தொடங்கும் முன்பே ஒரு நாள் உட்கார்ந்து, எது கதையில் வரலாம், எது வேண்டாம் என்று பேசிவிடுவது வழக்கம். இதற்கு 'செஷன் ஜீரோ' என்று பெயர். மேஜை நடுவில் பெருக்கல் குறி போட்ட ஒரு அட்டையும் வைப்பார்கள். யாராவது அதைத் தொட்டால், ஏன் என்று கேட்காமல் அந்தக் காட்சியை விட்டுவிட வேண்டும்.

கடைசியாக ஒரு டெஸ்ட்

ஹீரோவை உருவாக்கி முடித்ததும், நூர் இனாயத் கானை நினைத்துப் பாருங்கள். திப்பு சுல்தானின் வம்சாவளி. இந்திய இசைக் கலைஞரின் மகள். ஜாதகக் கதைகளைக் குழந்தைகளுக்காக எழுதியவர். 1943 ஜூனில் பிரிட்டனின் ரகசிய ரேடியோ ஆபரேட்டராக, ஜெர்மனியின் பிடியில் இருந்த பிரான்ஸுக்குள் போனார். கூட இருந்தவர்கள் வரிசையாகக் கைதானபோதும் திரும்ப மறுத்துவிட்டார். காட்டிக்கொடுக்கப்பட்டு, பிடிபட்டு, தப்ப முயன்று, மீண்டும் பிடிபட்டு, சங்கிலியில் கிடந்தார். 1944 செப்டம்பர் 13 அன்று டாக்காவ் முகாமில் கொல்லப்பட்டார். வயது 30. பிரிட்டனின் உயரிய விருதான ஜார்ஜ் கிராஸ் 1949இல் அவருக்கு அறிவிக்கப்பட்டது.

பறக்கும் சக்தி இல்லை, குண்டு துளைக்காத உடம்பும் இல்லை. ஒரு சூட்கேஸில் ரேடியோ, அவ்வளவுதான்.

நீங்கள் உருவாக்கிய ஹீரோ பக்கத்தில் வந்து நின்றால் நூர் சின்னவராகத் தெரிகிறாரா? அப்படியென்றால் ஹீரோவுக்கு பவர் கொஞ்சம் ஜாஸ்தி. ரப்பரை எடுத்து அழித்துவிட்டு, மறுபடி எழுதுங்கள்.