"நல்லாத்தானே இருக்கேன்... எதுக்கு இப்பவே மாத்திரை?" எச்.ஐ.வி. சிகிச்சைக்கு தயங்குவது ஏன்?

சென்னை: "உடம்புல ஒண்ணும் இல்லையே... காய்ச்சல் இல்ல, இருமல் இல்ல. தினமும் வேலைக்குப் போறேன். எனக்கு எதுக்கு இப்பவே மாத்திரை?"

ரத்த பரிசோதனையில் எச்.ஐ.வி. கிருமி இருப்பது தெரிய வந்து, "மாத்திரையை ஆரம்பிச்சிடலாம்" என்று டாக்டர் சொன்னதும் பலருக்கும் வருகிற கேள்வி இது. கொத்தனாராக இருந்தாலும் சரி, லாரி டிரைவராக இருந்தாலும் சரி, பனியன் கம்பெனிக்குப் போகும் பெண்ணாக இருந்தாலும் சரி, கேள்வி இதுதான்.

இப்படிக் கேட்பதில் தப்பே இல்லை. ஏனென்றால் "உடம்பு கெட்ட பிறகுதான் மாத்திரை" என்று ஜனங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே ஆஸ்பத்திரிகள்தான். பல வருடங்கள் அதுதான் விதியாக இருந்தது. இப்போது விதி மாறி விட்டது. ஆனால் பலர் மனதில் பழைய விதிதான் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

அன்று: "போயிட்டு அப்புறம் வா"

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன் முதலாக கண்டுபிடிக்கப்பட்டது நம்ம சென்னையில்தான். 1986-ம் ஆண்டு சென்னை மருத்துவ கல்லூரி டாக்டர் சுனிதி சாலமனும், அவரது மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலாளர்களின் ரத்தத்தை சேகரித்தார்கள். வேலூரில் நடந்த பரிசோதனையில் கிருமி இருப்பது தெரிய வந்தது.

அப்போது இதற்கு மருந்தே கிடையாது. 1996-ம் ஆண்டு வாக்கில் 3 மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்து சிகிச்சை வந்தது. ஆனால் விலையோ ஆளுக்கு வருடம் 10 ஆயிரம் டாலருக்கு மேல்! 2001-ம் ஆண்டு நம்ம நாட்டு சிப்லா கம்பெனி, ஒரு வருட மருந்தை 350 டாலருக்கு தருவதாக அறிவித்தது. உலகமே திரும்பிப் பார்த்தது.

2004-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந்தேதி மத்திய அரசு இந்த மருந்தை இலவசமாக கொடுக்க ஆரம்பித்தது. முதல் கட்டமாக 8 ஆஸ்பத்திரிகள். அதில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று.

இலவசம்தான். ஆனால் எல்லோருக்கும் இல்லை. அதற்கு ஒரு அளவுகோல் வைத்திருந்தார்கள். அதன் பெயர் சி.டி.4.

ரத்தத்தில் இருக்கும் ஒரு வகை வெள்ளை அணுதான் சி.டி.4. நோயை எதிர்த்து நிற்கும் படைக்கு இதுதான் தளபதி மாதிரி. நல்ல உடம்பில் 500-ல் இருந்து 1,500 வரை இருக்கும். எச்.ஐ.வி. கிருமி இதைத்தான் பிடித்து அழிக்கிறது. அன்றைய கணக்குப்படி, வேறு பெரிய வியாதி இல்லாதவருக்கு சி.டி.4 எண்ணிக்கை 200-க்கு கீழே போனால்தான் மாத்திரை. அதற்கு மேலே இருந்தால், "உனக்கு இப்ப தேவையில்ல, 6 மாசம் கழிச்சு வா" என்று அனுப்பி விடுவார்கள்.

இதனால் என்ன ஆச்சு? "மாத்திரை ஆரம்பிச்சாச்சுன்னா ஆளு முத்திப் போச்சுன்னு அர்த்தம்" என்ற எண்ணம் ஜனங்களிடம் ஊறி விட்டது. திரும்பி வராமலே இருந்தவர்கள் உண்டு. டி.பி. வந்து, எலும்பும் தோலுமாக தூக்கிக் கொண்டு வரப்பட்டவர்களும் உண்டு.

காத்திருக்கச் சொன்னதற்கு அன்று காரணம் இருந்தது. மருந்து கொஞ்சம், கேட்பவர்கள் அதிகம். சாகக் கிடப்பவர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டிய நிலைமை. அன்றைய மருந்துகளும் லேசுப்பட்டவை இல்லை. ஸ்டாவுடின் என்ற மருந்தை நாள்பட சாப்பிட்டவர்களில் பலருக்கு கன்னம் ஒட்டிப் போனது, கால் மரத்துப் போனது. முகத்தைப் பார்த்தே "இவன் அந்த மாத்திரை சாப்பிடுறான்" என்று ஊரில் பேசினார்கள். அந்த மருந்தை இப்போது கொடுப்பதில்லை.

விதி மாறியது எப்படி?

"சும்மா இருக்கும்போதே கொடுத்தால் என்ன?" என்று நேரடியாக சோதித்துப் பார்த்தார்கள். 35 நாடுகளில் 4,685 பேர். எல்லோருக்கும் சி.டி.4 எண்ணிக்கை 500-க்கு மேல். அதாவது "நல்லாத்தானே இருக்கேன்" என்று சொல்லக் கூடியவர்கள்.

இவர்களை 2 பிரிவாக பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உடனே மாத்திரை. இன்னொரு பாதிக்கு சி.டி.4 எண்ணிக்கை 350-க்கு இறங்கிய பிறகு மாத்திரை.

2015-ம் ஆண்டு முடிவு வந்தது. உடனே ஆரம்பித்த பிரிவில் கடுமையான வியாதியோ மரணமோ ஏற்பட்டது 42 பேருக்கு. காத்திருந்த பிரிவில் 96 பேருக்கு. டி.பி. மட்டும் எடுத்துக் கொண்டால் உடனே ஆரம்பித்தவர்களில் 6 பேர், காத்திருந்தவர்களில் 20 பேர். மாத்திரை சாப்பிட்டதால் பெரிய பக்க விளைவுகள் அதிகமாகவும் இல்லை.

அதே 2015-ம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம், "எச்.ஐ.வி. இருந்தால் போதும், சி.டி.4 எவ்வளவு இருந்தாலும் மாத்திரை கொடுங்கள்" என்று அறிவித்தது. 2017-ம் ஆண்டு இந்தியாவிலும் அதுவே விதியானது.

உள்ளே கரையான்!

வெளியே நன்றாக இருக்கிற உடம்புக்குள் அப்படி என்னதான் நடக்கிறது?

வீட்டுக் கதவில் கரையான் ஏறியிருந்தால் வெளியே பெயிண்ட் பளபளப்பாகத்தான் இருக்கும். தட்டிப் பார்த்தால்தான் உள்ளே மண் என்று தெரியும். எச்.ஐ.வி.யும் அப்படித்தான். 8 வருடம், 10 வருடம் கூட ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். ஆனால் கிருமி ஒரு நாள் கூட லீவு எடுப்பதில்லை. கதவு விழுந்த பிறகு மருந்து அடிப்பதை விட, கதவு நிற்கும்போதே அடிப்பதுதானே புத்திசாலித்தனம்?

தயக்கத்துக்கு 6 காரணங்கள்

1. "ஆரம்பிச்சா விடவே முடியாதாமே?"

உண்மைதான். ஆயுசு முழுக்க சாப்பிட வேண்டும். சர்க்கரைக்கும், பிரஷருக்கும் சாப்பிடுவது மாதிரிதான் இதுவும். நடுவில் விட்டு விட்டு சாப்பிட்டால் கிருமி அந்த மருந்துக்கே பழகி விடும். அப்புறம் வேறு மருந்துக்கு மாற வேண்டி வரும். ஆனால் "விட முடியாது" என்பதற்காக ஆரம்பிக்காமலே இருந்தால், கிருமி நம்மை விடாது.

2. "பக்க விளைவு வருமே?"

அண்ணனும் மாமாவும் பட்ட கஷ்டத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த பயம் இருக்கத்தான் செய்யும். இப்போது பெரும்பாலும் கொடுப்பது 3 மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை. டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. ஒரு நாளைக்கு ஒன்று போதும். சிலருக்கு தலைவலி, தூக்கம் கெடுதல், எடை கூடுதல் இருக்கலாம். தொந்தரவு இருந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். நாமாக நிறுத்தக் கூடாது. வயிற்று எரிச்சலுக்கான மருந்து, கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை, டி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் கண்டிப்பாக சொல்ல வேண்டும்.

3. "யாராவது பார்த்துட்டா மானம் போயிடுமே?"

இதுதான் பெரிய பயம். தெரு முனையில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் பக்கத்து மாவட்டத்துக்கு பஸ் ஏறுகிறவர்களும் உண்டு. இதற்கென்றே தனி சட்டம் இருக்கிறது. எச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாடு சட்டம் 2018-ம் ஆண்டு செப்டம்பர் 10-ந்தேதி அமலுக்கு வந்தது. நோயாளியின் விவரத்தை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது. நோயைக் காரணம் காட்டி வேலையில் இருந்து தூக்கக் கூடாது, வீட்டை காலி பண்ணச் சொல்லக் கூடாது, பள்ளியில் குழந்தையை சேர்க்க மறுக்கக் கூடாது. சட்டம் வந்ததால் ஊர் வாய் அடங்கி விடவில்லை என்பதும் நிஜம். ஆனால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். மாத்திரை சாப்பிடுகிறவர் முகத்தைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. சாப்பிடாமல் உடம்பு இளைத்துப் போகும்போதுதான் ஊர் கேள்வி கேட்கும்.

4. "ஒரு நாள் கூலி போயிடுதே?"

மாத்திரை இலவசம், பரிசோதனை இலவசம். ஆனால் பஸ்சுக்கும் சாப்பாட்டுக்கும் காசு, அதோடு அன்றைய கூலியும் போச்சு. தினக்கூலிக்காரர்களுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. உடம்பு நிலையாக இருந்து ஒழுங்காக சாப்பிடுகிறவர்களுக்கு ஒரே தடவையில் சில மாதங்களுக்கு சேர்த்து கொடுக்கும் வசதி இருக்கிறது. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் இணை மையத்தில் வாங்கிக் கொள்ளவும் முடியும். வேறு ஊருக்கு வேலைக்குப் போனால் அந்த ஊர் மையத்துக்கு மாற்றிக் கொள்ளலாம். கேட்டால்தான் கிடைக்கும்... கேட்க வெட்கப்படக் கூடாது.

5. "சரக்கு அடிச்சா மாத்திரை விஷமாயிடுமாமே?"

இது தவறான நம்பிக்கை. இதை நம்பி, குடித்த நாளில் எல்லாம் மாத்திரையை விட்டு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். குடி கல்லீரலைக் கெடுக்கும், மாத்திரையை மறக்கடிக்கும், அதனால் குடியை விடுவதுதான் நல்லது. ஆனால் குடித்து விட்டோமே என்று மாத்திரையை விடுவது இன்னும் மோசம்.

6. "மாத்திரையைப் பார்த்தாலே ஞாபகம் வருதே..."

இதை வெளியே சொல்லாதவர்கள்தான் அதிகம். மாத்திரை இல்லாதவரை நோயை மறந்து இருக்கலாம். தினமும் ராத்திரி டப்பாவைத் திறந்தால் "நீ நோயாளி" என்று அது சொல்வது மாதிரி இருக்கும். இந்த வேதனைக்கு அதட்டல் மருந்து இல்லை. மையத்தில் இருக்கும் ஆலோசகரிடம் மனம் விட்டுப் பேசுவதுதான் வழி. நாள் போகப் போக அது பல் துலக்குவது மாதிரி ஒரு பழக்கமாகி விடும்.

பெண்டாட்டி, பிள்ளைக்காக...

தனக்காக மாத்திரை சாப்பிட யோசிக்கிறவர்கள் கூட குடும்பத்துக்காக உடனே சம்மதிப்பது உண்டு. அதற்கு சரியான காரணமும் இருக்கிறது.

கணவன், மனைவியில் ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. இருந்த 1,763 ஜோடிகளிடம் 9 நாடுகளில் ஒரு ஆய்வு நடந்தது. சென்னை, புனே நகரங்களில் இருந்தும் ஜோடிகள் சேர்ந்தார்கள். 2011-ம் ஆண்டு வந்த முடிவு இது: துணையிடம் இருந்தே கிருமி தொற்றியது மொத்தம் 28 பேருக்கு. அதில் 27 பேரின் துணை, மாத்திரையை தள்ளிப் போட்ட பிரிவு. சீக்கிரம் ஆரம்பித்த பிரிவில் ஒரே ஒருவருக்குத்தான் தொற்றியது.

அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் இன்னும் தெளிவாக சொல்லி விட்டன. ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்ணுக்கே தட்டுப்படாத அளவுக்கு குறைந்து, அப்படியே இருந்தால் உடலுறவு மூலம் துணைக்குப் பரவாது. கிருமி அளவைப் பார்க்கும் ரத்த பரிசோதனையை அரசு மையங்களிலேயே இலவசமாக செய்கிறார்கள். அந்த ரிசல்ட் வரும் வரை ஆணுறை கட்டாயம். மற்ற பால்வினை நோய்களைத் தடுக்க அதற்குப் பிறகும் ஆணுறை தேவை.

கர்ப்பிணிகளுக்கும் இதுதான். சிகிச்சை இல்லாவிட்டால் தாயிடம் இருந்து குழந்தைக்குப் பரவ 15 முதல் 45 சதவீதம் வரை வாய்ப்பு இருக்கிறது. தாய்க்கும் சேய்க்கும் சரியாக மருந்து கொடுத்தால் 5 சதவீதத்துக்கும் கீழே போய் விடும்.

அவசரப்படுத்தலாமா?

"இன்னைக்கே சாப்பிடு" என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. நோயாளி சம்மதம் இல்லாமல் பரிசோதனையோ சிகிச்சையோ கூடாது என்பது சட்டம். டாக்டர் திட்டினாரே என்பதற்காக ஆரம்பிக்கிறவர், 2 மாதத்தில் நிறுத்தி விடவும் கூடும்.

தயாராக இருப்பவர்களுக்கு கிருமி தெரிய வந்த 7 நாட்களுக்குள் ஆரம்பிக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அன்றைக்கே கூட ஆரம்பிக்கலாம். சிலருக்கு மட்டும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். மூளைக் காய்ச்சல் அறிகுறி இருந்தால் முதலில் அதைப் பார்த்து விட்டுத்தான் இந்த மாத்திரை. அந்த முடிவை டாக்டர்தான் எடுக்க வேண்டும்.

ஒருவாரம் யோசித்து, வீட்டில் பேசி, பயத்தை எல்லாம் ஆலோசகரிடம் கொட்டி விட்டு ஆரம்பித்தால் தப்பில்லை. "அடுத்த தீபாவளி கழிச்சுப் பார்க்கலாம்" என்று வருடக் கணக்கில் தள்ளுவதுதான் ஆபத்து. அதைவிட ஆபத்து, "3 மாசத்துல எய்ட்ஸ் குணம்" என்ற விளம்பரத்தை நம்பி ஆயிரக்கணக்கில் கொட்டுவது. எச்.ஐ.வி.யை அடியோடு நீக்கும் மருந்து எந்தக் கடையிலும் விற்கவில்லை. கிருமியை அடக்கி வைக்கும் மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாக கிடைக்கிறது.

எங்கே போவது?

பரிசோதனைக்கு அரசு ஆஸ்பத்திரிகளில் இருக்கும் நம்பிக்கை மையத்துக்கு போகலாம். கிருமி இருப்பது உறுதியானால் அங்கிருந்தே ஏ.ஆர்.டி. மையத்துக்கு அனுப்பி வைப்பார்கள். பெயர் சொல்லாமல் சந்தேகம் கேட்க வேண்டுமானால் 1097 என்ற எண்ணுக்கு போன் செய்யலாம். காசு கிடையாது.

முன்பு "அப்புறம் வா" என்று திருப்பி அனுப்பப்பட்டு, பிறகு அந்தப் பக்கமே போகாதவர்கள் உங்கள் தெருவிலும் இருக்கலாம். இப்போது யாரையும் அப்படி திருப்பி அனுப்புவதில்லை. இந்த ஒரு தகவல் அவர்கள் காதுக்கு போய்ச் சேர்ந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.