எண்ணெயை நம்பி வாகனத்தின் கீழ் போகாதீர்கள்: வளவுக் கராஜும் லிப்டும்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. திறந்த பிறகும் வரியும் டொலர் விலையும் சேர்ந்து புது வாகனத்தைச் சாதாரண குடும்பத்துக்கு எட்டாத உயரத்திலேயே வைத்திருக்கின்றன. ஆகவே இருப்பதைத் திருத்தி ஓடுகிறோம். மன்னாரில் பேசாலைக்கும் தலைமன்னாருக்கும் மீன் ஏற்றப் போகும் லொறிகளும், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வான்களும் பத்து, இருபது வயதைத் தாண்டியவையாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

இந்தத் திருத்த வேலையில் பெரும் பங்கு பெரிய சேர்விஸ் நிலையங்களில் நடப்பதில்லை. வீட்டு வளவில், தகரக் கொட்டகைக்குக் கீழ், தெரிந்த மெக்கானிக் ஒருவரின் கையில் நடக்கிறது. அவரிடம் இருப்பது ஒரு ஜக், நாலைந்து மரக்குற்றி, சில புளொக் கற்கள். தொழில் கொஞ்சம் வளர்ந்தால் அடுத்ததாக அவர் வாங்க நினைப்பது இரண்டு தூண் லிப்ட். முதுகு வலிக்காமல் நிமிர்ந்து நின்று வேலை செய்யலாம்; நியாயமான ஆசைதான். ஆனால் மன்னாரின் மண்ணும் காற்றும் லிப்டுக்கு நல்லவை அல்ல. இதை விற்பவர் சொல்லமாட்டார்.

முதலில் ஜக்கைப் பேசிவிடுவோம், ஏனென்றால் உயிர் போவது பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. ஹைட்ரோலிக் ஜக்கைத் தூக்கி வைத்திருப்பது இரும்பு அல்ல, எண்ணெய். அந்த எண்ணெயை அடைத்து வைத்திருப்பது ஒரு சிறிய றப்பர் வளையம். அது தேய்ந்தாலோ, வால்வில் ஒரு மணல் துகள் சிக்கினாலோ எண்ணெய் பின்வாங்கும். சில நேரம் மெதுவாக, சில நேரம் ஒரே மூச்சில். ஜக் என்பது தூக்குவதற்கு. தாங்குவதற்கு அல்ல. தாங்குவதற்கு ஜக் ஸ்டாண்ட் வேண்டும், அதுவும் கெட்டியான சமதரையில். புளொக் கல் ஸ்டாண்ட் ஆகாது. பாரம் ஒரு புள்ளியில் விழுந்தால் எச்சரிக்கை எதுவும் தராமல் பொடியாகிவிடும். தீவுப் பகுதியின் மணலில் ஸ்டாண்டை நேரடியாக வைத்தாலும் ஒரு கால் புதைந்து சரியும். அடியில் தடித்த பலகையோ இரும்புத் தகடோ போட வேண்டும்.

லிப்டிலும் இதே கதைதான், அளவு மட்டும் பெரிது. சிலிண்டர் எண்ணெயால் தூக்குகிறது. தூக்கிய பிறகு பாரத்தைத் தாங்க வேண்டியது தூணுக்குள் இருக்கும் இரும்புப் பூட்டு. மேலே ஏறும்போது கேட்கும் ‘டக், டக்’ சத்தம் அந்தப் பூட்டு ஒவ்வொரு படியாக விழுவது. தேவையான உயரத்துக்கு ஏற்றிய பின், சற்று இறக்கி, இரண்டு தூண்களிலும் பூட்டின் மேல் பாரம் உட்கார்ந்துவிட்டதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதன் பிறகே கீழே போகலாம். பலர் இந்த அரை நிமிடத்தை மிச்சம் பிடிக்கிறார்கள். இன்னும் மோசம், இறக்கும்போது தொல்லை தருகிறது என்று பூட்டைக் கம்பியால் இழுத்துக் கட்டிவைப்பது. அப்படிக் கட்டிய லிப்ட், உயரமான ஒரு ஜக். அவ்வளவுதான்.

இனி தரை. இரண்டு தூண் லிப்டில் வாகனத்தின் பாரம் தூணின் மேல் நேராக இறங்குவதில்லை. நீட்டிய கைகளில் தொங்குகிறது. அதனால் தூண் உள்பக்கமாகச் சாயப் பார்க்கும். வெளிப்பக்கத்து அடிப் போல்ட்கள் மேலே பிடுங்கப்படும். இந்த இழுவையைத் தாங்குவது கொங்கிறீட் மட்டுமே. பெரும்பாலான தயாரிப்பாளர்களின் கைநூல்கள் குறைந்தது 4 அங்குலத் தடிப்பும், சதுர அங்குலத்துக்கு 3000 இறாத்தல் வலிமையும் உள்ள கொங்கிறீட்டைக் கேட்கின்றன. ஊற்றி 28 நாட்கள் இறுகவிட்ட பிறகே தூணை நிறுத்தச் சொல்கின்றன. வெடிப்புக்கோ ஓரத்துக்கோ அருகில் போல்ட் அடிக்கக்கூடாது. வீட்டு முற்றத்துத் தரை இந்த வேலைக்காகப் போடப்பட்டதல்ல. மேலே வழுவழுப்பாகச் சீமெந்து பூசியிருப்பதால் உள்ளே எவ்வளவு தடிப்பு என்பது தெரியாது. ஒரு துளை போட்டு அளந்து பார்ப்பது மலிவான வேலை.

மன்னாரில் இரண்டு வகை மண் சிக்கல் உண்டு. தீவில் மணல்: மழைத் தண்ணீர் ஓடும் பக்கம் தரைக்கு அடியிலிருந்து மணல் மெல்ல வெளியேறினால் கொங்கிறீட் வெறுமையின் மேல் நிற்கும். பெருநிலப்பரப்பில் முருங்கன் பக்கம் களி. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு ஒரு காலத்தில் களிமண் போனது அங்கிருந்துதான். அந்த மண் மாரியில் ஊதும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். மேலே போட்ட தரையும் சேர்ந்து அசையும். அப்படியான இடத்தில் பழைய தரையை நம்பாமல், தூண் நிற்கும் பகுதியை வெட்டி, அடித்தளம் போட்டு, கம்பி கட்டிப் புதிதாக ஊற்றுவதே சரி. ஊற்றும்போது கடற்கரை மணலும் உவர்க் கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம். உப்பு கலந்த கொங்கிறீட்டுக்குள் கம்பியும் போல்ட்டும் உள்ளிருந்தே கறள் பிடிக்கும்; வெளியே எதுவும் தெரியாது.

உப்புக் காற்றுதான் அடுத்த எதிரி. சோளகக் காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை, மன்னார்த் தீவில் இரும்பை வெளியே வைத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. லிப்டில் முதலில் பாதிக்கப்படுவது இரண்டு பக்கத்தையும் சமமாக உயர்த்தும் இரும்பு வடம். கறள் அதன் உள் இழைகளில் தொடங்கும். துணியால் வடத்தைத் தடவுங்கள், வெறுங்கையால் வேண்டாம். நூல் சிக்கினால் இழை அறுந்திருக்கிறது என்று அர்த்தம். அறுந்த, நசுங்கிய, கறள் ஊறிய வடத்தை மாற்றத்தான் வேண்டும். முடிச்சுப் போட்டு ஒட்டுப்போடுவதற்கு இடமில்லை. பூட்டின் ஸ்பிரிங் கறளில் இறுகிப்போனால் பூட்டு விழாது. அடிப் போல்ட்களின் நட்டுகளை டோர்க் ஸ்பானரால் கைநூல் சொல்லும் அளவுக்கு அவ்வப்போது இறுக்கிப் பார்க்க வேண்டும். இறுக்க இறுக்கச் சுற்றிக்கொண்டே போனால் அந்த லிப்டை அன்றே நிறுத்துங்கள். மோட்டருக்கு எர்த் இணைப்பும் ட்ரிப் சுவிட்ச்சும் இல்லாமல் ஈரத்தரையில் வேலை செய்வது தனி ஆபத்து.

லிப்ட் நன்றாக இருந்தாலும் வாகனம் நன்றாக இருக்க வேண்டுமே. மீனும் ஐஸும் ஏற்றிய லொறியின் அடிப்பாகத்தில் உப்புத் தண்ணீர் வருடக்கணக்காக வடிந்திருக்கும். பெயின்டுக்குக் கீழே தகடு கடதாசியாகிவிட்ட இடத்தில் லிப்டின் கையை வைத்தால், பாதி உயரத்தில் அது உள்ளே புகுந்துவிடும். கையை வைக்கும் இடத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். சக்கரங்கள் ஒரு சாண் உயர்ந்ததும் நிறுத்தி வாகனத்தை நன்றாக ஆட்டிப் பாருங்கள். விழுவதானால் அங்கேயே விழட்டும். உள்ளே சாமான் இருந்தால் முதலில் இறக்க வேண்டும். என்ஜினையோ கியர்பெட்டியையோ கழற்றினால் பாரம் ஒரு பக்கமாக மாறும், எனவே கழற்றுவதற்கு முன்பே மறுமுனைக்கு உயரமான ஸ்டாண்ட் கொடுக்க வேண்டும். நிசான் லீஃப் போன்ற மின்சாரக் கார்களில் பற்றரி தரைக்கு அடியிலேயே இருப்பதால் கை அதில் படவே கூடாது.

லிப்டுக்குப் பதில் குழி வெட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. தீவில் நிலத்தடி நீர் ஆழத்தில் இல்லை. மாரியில் குழி கிணறாகும். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது, குழியில் தங்கும், ஒரு சிறு பொறி போதும்.

யார் பரிசோதிப்பது? பிரித்தானியாவில் 1998ஆம் ஆண்டின் விதிகளின்படி, தொழிலிடத்தில் உள்ள தூக்கும் கருவிகளைத் தகுதியுள்ள ஒருவர் குறைந்தது 12 மாதத்துக்கு ஒரு தடவை, ஆட்களைத் தூக்குபவை என்றால் 6 மாதத்துக்கு ஒரு தடவை சோதிக்க வேண்டும். இலங்கையில் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது, தொழில் திணைக்களம் அதைக் கவனிக்கிறது. ஆனால் தன் வளவில் தானே வேலை செய்யும் மெக்கானிக்கின் கதவை எந்தப் பரிசோதகரும் தட்டப்போவதில்லை. சம்பளத்துக்கு ஒரு பொடியனை வைத்திருப்பவருக்குப் பொறுப்பு வேறு: 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. வாகனத்தைக் கொடுக்கும் நாமும் ‘கெதியா முடிச்சுத் தாங்கோ’ என்று அவசரப்படுத்துவதற்கு முன் அது எதன் மேல் நிற்கிறது என்று ஒருதரம் குனிந்து பார்க்கலாம்.

வளவுக் கராஜில் இன்னொரு விஷயம், அங்கே பிள்ளைகள் விளையாடுவார்கள். தூக்கிய வாகனத்தைச் சுற்றி ஒரு கயிறாவது கட்டுங்கள். இரவு வாகனத்தை உயரத்தில் விட்டுப் போகவேண்டாம்.

தனியாக வேலை செய்யவும் வேண்டாம். கூப்பிடும் தூரத்தில் ஒருவரும், கைக்கெட்டும் இடத்தில் இரண்டாவது ஜக்கும் இருக்க வேண்டும். யாராவது நசுங்கிவிட்டால் கால்களைப் பிடித்து இழுக்காதீர்கள். ஒருவர் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்க, மற்றவர் வாகனத்தைத் தூக்க வேண்டும். நெஞ்சு நசுங்கியிருந்தால் மூச்சு நிற்க ஒரு சில நிமிடமே போதும், ஒரு கணமும் தாமதிக்கக் கூடாது. கையோ காலோ 15 நிமிடத்துக்கு மேல் நசுங்கிக் கிடந்திருந்தால் மட்டும் முதலுதவி நூல்கள் வேறு விதமாகச் சொல்கின்றன: பாரத்தை உடனே எடுக்க வேண்டாம், நசுங்கிய தசையில் தேங்கிய நச்சு ஒரேயடியாக இதயத்துக்குப் போகலாம், அம்புலன்ஸில் வருபவர்கள் முன்னிலையில் எடுங்கள். எத்தனை மணிக்கு நசுங்கியது என்பதை அவர்களிடம் சொல்லுங்கள்.