பழைய சைக்கிளுக்கு வயது என்ன?

இத்தாலியின் டஸ்கனி பகுதியில், கயோலே என்ற சிற்றூரில் 1997 முதல் ‘லெரோய்கா’ என்ற சைக்கிள் ஓட்டம் நடந்துவருகிறது. அதில் பங்கேற்க 1987-க்கு முந்தைய பந்தய சைக்கிள் வேண்டும். கியர் நெம்புகோல் பிரேமின் சாய்ந்த குழாயில் இருக்க வேண்டும். பிரேக் கேபிள் ஹேண்டில்பாருக்கு வெளியே வளைந்து செல்ல வேண்டும். பெடலில் கால்வார் வேண்டும்.

இந்த மூன்று அடையாளங்களும் ஏறக்குறைய ஒரே காலத்தில் விடைபெற்றவை. 1984-இல் லுக் நிறுவனம், காலணியைப் பெடலோடு பூட்டும் முறையைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே பெர்னார் இனோ அதை மிதித்து டூர் டி பிரான்ஸை வென்றார். பிரேக் கேபிள்கள் கைப்பிடி நாடாவுக்குள் மறைந்ததும் அதே எண்பதுகளில்தான். 1990-இல் ஷிமானோ, கியரையும் பிரேக்கையும் ஒரே பிடியில் சேர்த்துவிட்டது.

ஆக, தூரத்தில் நின்று பார்த்தாலே பத்தாண்டு பிடிபட்டுவிடும். ஆண்டு வேண்டுமென்றால் குனிந்து, கிரீஸைத் துடைக்க வேண்டும்.

இத்தாலியின் விசென்சாவில் துல்லியோ கம்பக்னோலோ தொடங்கிய நிறுவனத்தின் ‘நூவோ ரெக்கார்ட்’ கியர் மாற்றி, எழுபதுகளின் பந்தய வண்டிகளில் பரவலாக இருந்தது. அதன் மேல் கணுவில் ‘பேட்டன்ட்-74’ என்பதுபோல் பொறித்திருக்கும். காப்புரிமை வாங்கிய ஆண்டு என்று நினைக்கத் தோன்றும். ஆனால், அந்த எண் சொல்வது பாகம் தயாரான காலத்தை. ஷிமானோ பாகங்களில் இரண்டு எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து ஆண்டு: ‘ஏ’ என்றால் 1976. இரண்டாவது மாதம். ‘டி-சி’ என்றிருந்தால் 1979 மார்ச். எழுத்துகள் தீர்ந்ததும் 2002-இல் மீண்டும் ‘ஏ’ வந்தது; இருபத்தாறு ஆண்டு இடைவெளி என்பதால் பாகத்தின் தோற்றமே குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பந்தய வண்டியில் பாகங்கள் தேயும், மாறும். 1972-இல் செய்த பிரேமில் 1981-இன் கியர் மாற்றி இருப்பது சாதாரணம். ஒரே ஒரு முத்திரையை நம்பி ஆண்டு சொல்வது தவறு. முன்சக்கர ஹப், பின்சக்கர ஹப், கிராங்க், பிரேக் என எல்லாம் ஓரிரு ஆண்டுக்குள் ஒத்துப்போனால் தாராளமாக நம்பலாம்.

பிரேமும் பேசும். பின்சக்கரம் உட்காரும் இடைவெளியை அளந்து பாருங்கள். ஐந்து பல்சக்கரக் காலத்தில் அது 120 மில்லிமீட்டர். ஆறும் ஏழும் வந்தபோது 126. எட்டு வந்ததும் 130. பிரேக் கேபிளைக் கவ்வி போட்டுக் கட்டியிருந்தால் பெரும்பாலும் எழுபதுகள் அல்லது அதற்கு முன். குழாயிலேயே பற்றவைத்த வளையம் இருந்தால் அதற்குப் பிந்தியது. எஃகுக் குழாயை நெம்பி இடைவெளியைக் கூட்டும் மெக்கானிக்குகளும் உண்டு என்பதால் அளவை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது.

வீட்டுப் பரணில் இப்படியொரு வண்டி இருந்தால், பெயின்ட் அடிக்கக் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு முத்திரையையும் படம் எடுத்து வையுங்கள். கழற்றிய பாகம் தேய்ந்திருந்தாலும் காயலான் கடைக்குப் போடாதீர்கள்.