வளரும் பிள்ளைக்குத் தைத்த சட்டை

வளரும் பிள்ளைக்குச் சட்டை தைப்பவர் இரண்டு விரற்கடை கூடுதலாக விட்டே தைப்பார். தீபாவளிக்குத் தைத்தது ஆடிக்குள் சிறுத்துவிடும் என்பது அவர் அறிந்ததே. கணினித் திரைக்கும் கைப்பேசித் திரைக்கும் தமிழ் எழுத்து வடிவமைக்கும் கலைஞரின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. பிள்ளை எந்தப் பக்கம் வளரும் என்பதே அவருக்குத் தெரியாது! என்னிடம் பயின்று, இப்போது பெங்களூரில் இத்தொழில் செய்யும் ஒருவர், தாம் வரைந்த எழுத்துக்கு மார்கழிக் கோலத்தைவிடச் சற்றே நீண்ட ஆயுள் என்று சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. அச்சிரிப்பில் உள்ள செய்தி யாது என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

கருவி மாறினால் எழுத்தும் மாறும் என்பது புதிய செய்தியன்று. புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று கருதி, மெய்யெழுத்தைப் புள்ளியின்றியே எழுதிய காலம் ஒன்று இருந்தது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும் வடிவங்களை 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் அமைத்தார். தரங்கம்பாடியில் 1713இல் அச்சு வேலை தொடங்கியபோது, ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியனவாக இருந்தமையால் தாள் வீணாயிற்று. ஆதலின் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்க்க நேர்ந்தது. 1930களில் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியைச் சேர்ந்த இரா. முத்தையா அவர்கள் தமிழ்த் தட்டெழுத்துப் பொறியை உருவாக்கினார். எழுத்தோ 247, விசைகளோ ஐம்பதுக்கும் குறைவு. சில விசைகளைத் தட்டினால் தாளுருளை நகராதபடி அவர் அமைத்தமையால், எழுத்தும் அதன்மேல் வரும் புள்ளியும் ஒரே இடத்தில் விழுந்தன. பெரியார் தம் ‘குடி அரசு’ இதழில் 1935 முதல் கையாண்டு வந்த ணா, றா, னா, லை, னை முதலிய எளிய வடிவங்களைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்றுக்கொண்டது. பழைய நூல்களைப் புரட்டும்போது லகர ஐகாரம் யானைத் துதிக்கை போல வளைந்து நிற்பதை நீங்கள் பார்த்திருக்கலாம்.

இம்மாற்றங்களுக்கெல்லாம் இடையே ஒருவர் வாழ்நாளோ, பல தலைமுறைகளோ கழிந்தன. ஈயத்தில் எழுத்து வார்த்தவர் தம் பேரன் காலத்திலும் அது அச்சேறும் என்று நம்பலாம். திரைக்கு எழுதுபவருக்கு அந்த நம்பிக்கை இல்லை. அதற்குக் காரணம் கணக்கிலேயே இருக்கிறது.

திரையில் தோன்றும் எழுத்து, புள்ளிக் கோலம் போல நுண்ணிய புள்ளிகளால் ஆனது. 1984இல் வெளிவந்த மெக்கிண்டோஷ் கணினியின் திரையில் ஓர் அங்குலத்திற்கு 72 புள்ளிகள். புத்தக எழுத்தின் அளவில் ஓர் எழுத்தை அதில் காட்டினால், உயரத்திற்கு 12 புள்ளிகளே கிடைக்கும். ஆங்கில எழுத்து பெரும்பாலும் கோடும் வளைவுமாக இருப்பதால் அதில் ஒருவாறு அடங்கிவிடும். நம் ணகரத்தின் சுழிகளை எண்ணிப் பாருங்கள். அதற்குமேல் ‘ணூ’ என்று நீட்ட வேண்டுமானால் என் செய்வது? எந்தச் சுழியைத் திறந்து வைப்பது, எதனை அடைத்துவிடுவது என்று ஒவ்வொரு புள்ளிக்கும் வழக்காட வேண்டியிருந்தது. அக்காலத் திரை எழுத்துகள் செங்கல் அடுக்கியது போல முரட்டுத் தோற்றம் கொண்டிருந்தமை கலைஞரின் குற்றமன்று. அவருக்குக் கொடுத்த நிலம் அவ்வளவே.

2007இல் வந்த ஐபோனில் அங்குலத்திற்கு 163 புள்ளிகள். 2010இல் அதன் நான்காம் வடிவில் 326. பெருக்கிப் பாருங்கள். முன்னே இருந்த அதே சதுர அங்குலத்தில், இருபது மடங்குக்கும் மேலான புள்ளிகள் அடங்கிவிட்டன! குறைந்த புள்ளியில் நிறைந்த எழுத்தை வரைய அரும்பாடுபட்டுக் கற்ற வித்தை, கால் நூற்றாண்டில் பெட்டிக்குள் போயிற்று. சரி, இனி மெல்லிய அழகிய கோடுகளை வரையலாம் என்று கலைஞர் தூரிகையை எடுத்தார். உடனே கருந்திரையில் வெள்ளெழுத்துக் காட்டும் வழக்கம் பரவியது. மெல்லிய கோடு வேறு விதமாகத் தோன்றலாயிற்று. பிறகு மணிக்கட்டிலே கட்டும் கைக்கடிகாரத்திலும் செய்தி படிக்கத் தொடங்கினர். திரை மீண்டும் சிறுத்தது. 2016இல் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாப்ட், அடோபி ஆகிய நான்கு நிறுவனங்களும் சேர்ந்து, ஒரே எழுத்துருக் கோப்பினுள் தடிமனையும் அகலத்தையும் விரும்பியவாறு கூட்டிக் குறைக்கும் முறை ஒன்றை அறிவித்தன. இடுப்பில் நாடா கோத்த காற்சட்டை என்று அதனைச் சொல்லலாம். ஆயினும் ஆங்கிலத்தின் ஒருசிறு சொல்லுக்கு அளவெடுத்த பொத்தானில் ‘உறுதிப்படுத்துக’ என்னும் சொல்லை அடைக்கும் தொல்லை மட்டும் தீர்ந்தபாடில்லை.

இதுவரை சொன்னது உருவத்தின் கதை. கண்ணுக்குப் புலப்படாத எண்ணின் கதை இதனினும் முக்கியமானது. கணினிக்கு எழுத்துத் தெரியாது, எண்தான் தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் என்று வைத்துக்கொண்டு, எண்ணைச் சேமித்து, படிக்கும்போது உருவத்தைக் காட்டுகிறது. எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதில் உடன்பாடு இல்லையேல் என்ன ஆகும்? அதுவே தமிழுக்கு நேர்ந்தது. 1980களிலும் 1990களிலும் கனடாவில் கு. சீனிவாசன், மலேசியாவில் முத்து நெடுமாறன், சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முதலானோர் தமிழைக் கணினியில் ஏற்றப் பெரிதும் உழைத்தனர். எனினும் பொதுவிதி இன்மையால், எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி எண் வழங்கினர். பாமினி என்னும் எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதில் ‘தமிழ்’ என்று தட்டினால், கணினியினுள் பதிவது ஆங்கிலத்தின் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே! பாமினி இல்லாத கணினியில் அதனைத் திறந்தால் தமிழ் தோன்றாது; அந்த ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியும்தான் தோன்றும்.

இக்குழப்பம் தீர 1997இல் சிங்கப்பூரிலும், 1999இல் சென்னையிலும் மாநாடுகள் கூடின. சென்னை மாநாட்டின் பயனாகத் ‘தமிழ்99’ என்னும் விசைப்பலகையும், ‘டாப்’, ‘டாம்’ என்னும் குறியீடுகளும் அரசின் தரமாயின. 1991 முதலே யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறியீட்டில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. 2010இல் தமிழ்நாடு அரசும் அதனை ஏற்றது. அதில் ‘கெ’ என்பதைச் சேமிக்கும் முறை வேடிக்கையானது. நாம் கொம்பை முதலில் எழுதிப் பிறகு ககரத்தை எழுதுகிறோம். பொறியோ ககரத்தை முதலிலும் கொம்பைப் பின்னும் வைத்து, திரையில் காட்டும்போது மட்டும் கொம்பை இடப்பக்கம் கொண்டுவந்து நிறுத்துகிறது. ஒலிக்கும் முறைப்படி இது சரியே. ஆனால் ‘க்’ என்னும் மெய்க்கு, ககரம் ஒன்றும் புள்ளி ஒன்றுமாக இரண்டு எண்கள் தேவைப்படுகின்றன. மெய்யோடு அகரம் சேர்ந்து உயிர்மெய் பிறக்கிறது என்று வகுப்பில் நாற்பதாண்டு சொல்லி வந்த எனக்கு, உயிர்மெய்யிலிருந்து மெய் பிறக்கும் இந்த ஏற்பாடு இன்றும் உவப்பாயில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் தனி இடம் தரும் ‘டேஸ்16’ என்னும் குறியீட்டையும் 2010இல் அரசு உடன் அறிவித்தது. நாட்டு வழக்கிலோ யூனிகோடே நிலைபெற்றுவிட்டது. உடன்பாடு என்ற ஒன்று கிடைத்ததே, அதுவரை நன்று.

அதற்கு முன் தட்டெழுதியவை என்னாயின? 1990களில் கணினியில் கோத்த பள்ளி மலர்கள், ஊர் வரலாறுகள், ஆய்வேடுகள் எத்தனையோ! அவை பதிந்த நெகிழ்வட்டின் கொள்ளளவு 1.44 மெகாபைட்டு. சோனி நிறுவனம் அதன் விற்பனையை 2011இல் நிறுத்திற்று. இங்கிலாந்தில் நடந்ததைக் கேளுங்கள். 1086இல் தோலில் எழுதப்பட்ட டூம்ஸ்டே என்னும் நிலக் கணக்கு ஏட்டின் 900ஆம் ஆண்டு நினைவாக, 1986இல் பி.பி.சி. நிறுவனம் நாட்டு மக்களின் செய்திகளைத் திரட்டி ஒளித்தட்டில் ஏற்றியது. பதினைந்தே ஆண்டுகளில் அத்தட்டைப் படிக்கும் கருவி அரிதாகி, மீட்கத் தனி முயற்சி செய்ய நேர்ந்தது. தோலேடு இன்றும் படிக்கக் கிடைக்கிறது!

நம் பக்கத்திலேயே சான்று உண்டு. திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழி எழுத்துக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சி துறவியர் தங்கக் குகை அளித்ததைக் கூறுகிறது. அசோகர் கல்வெட்டுகளில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரருடன் சொல்லப்படும் சத்தியபுத்திரர் யார் என்ற நெடுநாள் ஐயத்தையும் அதுவே தீர்த்தது. எங்கள் அதியமான்கோட்டைச் சென்னராயப் பெருமாள் கோயில் விதானத்து ஓவியங்களில் நிறம் மங்கினாலும், அண்ணாந்து பார்க்கக் கண் இருந்தால் போதும்; மின்சாரம் வேண்டா. கல்லெழுத்து நமக்குப் புரியாத வடிவமாயினும், கல் கண்முன் நிற்பதால் அறிஞர் ஒப்பிட்டு ஒப்பிட்டுப் படித்துவிடுகின்றனர். வட்டில் இருப்பதோ வெறும் எண். படிக்கும் கருவியும், எண்ணுக்குரிய எழுத்து எதுவென்னும் அட்டவணையும் ஆகிய இரண்டுமே தொலைந்துபோனால் அறிஞர் எதனோடு ஒப்பிடுவார்?

நல்வேளையாக, பழைய எழுத்துருக்களில் பலவற்றின் அட்டவணைகள் இன்னும் கைவசம் உள்ளன; அவற்றிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித் தரும் நிரல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ பழைய கோப்பு ஒன்று அகப்பட்டு, திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றினால், அதனைக் குப்பை என்று அழித்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது தமிழாகவே இருக்கும். முதலில் அது எந்த எழுத்துருவில் தட்டப்பட்டது என்பதை, அதனைத் தட்டியவர் இருக்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மாற்றிய படியை மூலத்தோடு ஒருமுறை வரிவரியாக ஒப்புநோக்குங்கள். நிரல்கள் ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் சில இடங்களில் மயக்கிவிடுவதுண்டு.