ஃபைன் கட்டினால் கேஸ் முடிந்துவிடுமா?

இப்படி ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். பத்தொன்பது வயது மகன், விளையாட்டுத் திடலில் நடந்த கைகலப்பில் மாட்டிக்கொள்கிறான். காவல் நிலையத்தில் வழக்குப் பதிவாகிறது. வீடே கலங்கி நிற்கும்போது, "இது சாதாரண பெட்டி கேஸ்தான். கோர்ட்டுல ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிட்டு வாங்க, அத்தோட முடிஞ்சிடும்" என்று ஒருவர் வழி சொல்கிறார். அப்படியே செய்கிறார்கள்.

ஆறு ஆண்டுகள் கழித்து அதே மகன் அரசு வேலைக்கான தேர்வில் வெற்றி பெறுகிறான். சரிபார்ப்புப் படிவம் வருகிறது. உங்கள் மீது எப்போதாவது குற்ற வழக்கு பதியப்பட்டதா, தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா என்று அதில் ஒரு கேள்வி. "அதுதான் முடிந்துவிட்டதே" என்று நினைத்து 'இல்லை' என எழுதுகிறான். காவல்துறை விசாரணையில் பழைய வழக்கு வெளிவருகிறது. கைக்கு வந்த வேலை போகிறது.

இங்கே நடந்த தவறுகள் இரண்டு. நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவது, சட்டத்தின் பார்வையில் தண்டனை பெறுவதாகும். தொகை சில நூறு ரூபாயாக இருந்தாலும் அவர் 'தண்டிக்கப்பட்டவர்' என்றே பதிவாகிறார். இது முதல் தவறு. அந்தப் பதிவை மறைத்தது இரண்டாவது தவறு. நாடெங்கும் காவல் நிலையங்களின் பதிவுகள் இன்று சி.சி.டி.என்.எஸ். என்ற கணினி வலையமைப்பில் இணைக்கப்பட்டு வருகின்றன. பழைய நோட்டில் கிடந்து மறைந்துபோகும் என்று நம்பியிருந்த காலம் போய்விட்டது.

பாஸ்போர்ட்டில் வரும் சிக்கல்

வளைகுடா நாடுகளை நம்பி வாழும் நம் குடும்பங்களுக்கு இதுவே முதல் கவலை. 1967ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டப்படி, நீதிமன்றத்தில் குற்ற வழக்கு நிலுவையில் இருப்பவருக்கு பாஸ்போர்ட்டை மறுக்கலாம். ஆனால் எஃப்.ஐ.ஆர். பதிவானது மட்டுமே மறுப்பதற்குக் காரணமாகாது. நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு எடுத்துக்கொண்டிருந்தால்தான் அது நிலுவை வழக்கு என்று வெளியுறவு அமைச்சகம் 2019இல் தெளிவுபடுத்தியது. அப்படி நிலுவையில் இருந்தாலும், வழக்கு நடக்கும் நீதிமன்றத்தில் அனுமதி பெற்றால் குறிப்பிட்ட காலத்துக்கு பாஸ்போர்ட் வழங்க 1993ஆம் ஆண்டின் அறிவிக்கை இடம் தருகிறது. நீதிமன்றம் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஓராண்டுக்குக் கிடைக்கும். வழக்கை மறைத்து விண்ணப்பிப்பது தனிக் குற்றம். அதற்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு.

வாய்தாவுக்குப் போகாமல் வெளிநாடு சென்றுவிடுவோரும் நம்மில் உண்டு. நீதிமன்றம் பிடிவாரண்டு பிறப்பித்துவிட்டால், விடுமுறையில் ஊர் திரும்பும்போது சிறு வழக்கும் பெரும் துன்பமாகிவிடும்.

அரசு வேலையில் வரும் சிக்கல்

காவலர் தேர்வு எழுதும் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். வழக்கிலிருந்து விடுதலையானால் போதும் என்று நாம் நினைக்கிறோம். தமிழ்நாட்டில் காவலர் பணிக்கான விதிகள் அப்படிச் சொல்லவில்லை. சந்தேகத்தின் பலனாலோ, புகார் கொடுத்தவர் பிறழ் சாட்சியாக மாறியதாலோ விடுதலையானவரையும் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே அவை கருதுகின்றன. எதிர்த்தரப்பிடம் பேசி, சாட்சியை மாற்றிச் சொல்ல வைத்துப் பெறும் விடுதலை இங்கே கைகொடுக்காது.

உண்மையைச் சொன்னால் வேலை உறுதியா? அதுவும் இல்லை. 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இரண்டு பக்கத்தையும் சொல்கிறது. உண்மையைத் தெரிவித்தவருக்கு வேலை கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் நிர்வாகத்துக்கு இல்லை. இளவயதில் கோஷம் போட்டது போன்ற சிறிய விஷயத்தை ஒருவர் மறைத்திருந்தால், நிர்வாகம் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனாலும் உண்மையைச் சொன்னவருக்கு வழக்கின் தன்மையை எடுத்துச் சொல்லி வாதாட வாய்ப்பு இருக்கிறது. மறைத்தவர் மீது பொய் சொன்ன பழியும் சேர்ந்துகொள்கிறது.

முறையாக முடிக்கும் வழிகள்

ஃபைன் கட்டுவதற்கு முன்பே வழக்கறிஞரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு.

சமரசம் செய்துகொள்ளக்கூடிய பிரிவா என்று கேளுங்கள். அப்படியானால் நீதிமன்றம் மூலமே சமரசம் செய்யலாம். சட்டப்படி அதன் விளைவு விடுதலைதான். சமரசத்துக்கு இடமில்லாத பிரிவு என்றால், வழக்கை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றத்தை நாடலாம்.

குற்றம் நிரூபணமானாலும் 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் இருக்கிறது. தகுதியான வழக்கில் தண்டனை தராமல், எச்சரித்தோ நன்னடத்தைக்குப் பிணை பெற்றோ நீதிபதி விடுவிக்கலாம். அந்தச் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி, தண்டனையால் வரும் தகுதியிழப்பு அவருக்கு வராது.

சம்பவத்தின்போது வயது 18க்குக் குறைவா? 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி அந்த வழக்கால் தகுதியிழப்பு வராது. கொடிய குற்றத்துக்காக, பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட்ட 16 வயதுக்கு மேற்பட்டோர் மட்டுமே இதற்கு விலக்கு.

வழக்கு எப்படி முடிந்தாலும் தீர்ப்பின் சான்றிட்ட நகலைப் பெற்றுப் பாதுகாப்பாக வையுங்கள். 2021 பிப்ரவரியில், ஊரடங்கு மீறலுக்காகப் பதியப்பட்ட சுமார் 10 லட்சம் வழக்குகளும், வன்முறை தொடர்பானவை நீங்கலாக குடியுரிமைத் திருத்தச் சட்ட எதிர்ப்புப் போராட்ட வழக்குகளும் திரும்பப் பெறப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. அவற்றில் பெயர் இருந்தவர்களும் தங்கள் வழக்கு முடிந்ததற்கான ஆவணம் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

நம் பொறுப்பு

சட்டத்தின் கதவுகள் சில மூடினாலும் மனிதர்களின் கதவுகள் திறந்திருக்கலாம். ஆனால் பெண் கேட்டுப் போகும் இடத்திலும், வாடகைக்கு வீடு கேட்கும் இடத்திலும், கடையில் வேலை கேட்கும் இடத்திலும் "அவன் மேல கேஸ் இருந்துச்சாமே" என்ற ஒரு சொல் போதும், அந்தக் கதவும் சாத்தப்படுகிறது. என்ன வழக்கு, எப்படி முடிந்தது, அதன் பிறகு அவர் எப்படி வாழ்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. திருந்தி வாழ்பவரைப் பற்றி நம்மிடம் விசாரிக்க வருவோருக்கு, அவருடைய பழைய வழக்கோடு இன்றைய வாழ்க்கையையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

பிள்ளைகளிடம் இதை இன்றே பேசுவோம். ஒரு நிமிடக் கோபத்தில் ஓங்கிய கை, பத்து ஆண்டுகள் கழித்து ஒரு படிவத்தின் முன்னால் நடுங்கி நிற்க நேரலாம். ஏற்கெனவே வழக்கில் சிக்கியவர்கள் மனம் தளர வேண்டாம். மறைக்காமல் இருந்தால், பெரும்பாலான சிறு வழக்குகளை முறைப்படி முடித்துக்கொள்ள வழி இருக்கிறது. கட்டணம் கொடுக்க வசதியில்லாதவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகினால், தகுதியுள்ளோருக்கு இலவசமாகவே வழக்கறிஞரை ஏற்பாடு செய்து தருவார்கள்.