ஜோதிராவுக்கு மூன்று கடிதங்கள்

சென்ற வாரம் சாவித்திரிபாய் புலேயின் கதையைப் பாதியில் நிறுத்தியிருந்தோம். 1848இல் புனாவின் புதவார் பேட்டையில், பிடே என்பவருக்குச் சொந்தமான மாளிகையில் பெண்பிள்ளைகளுக்கான பள்ளி தொடங்கியாயிற்று. சாதிசனத்தின் ஏச்சுக்குப் பயந்த மாமனார் கோவிந்தராவ், மகன் ஜோதிராவையும் மருமகளையும் வீட்டைவிட்டு வெளியேற்றியாயிற்று. நண்பர் உஸ்மான் ஷேக் வீட்டில் இருவருக்கும் இடமும் கிடைத்துவிட்டது.

இதற்கு அடுத்து எது வரும் என்று வாசகர்களுக்கே தெரியும். சாணிச் சேலை. சாவித்திரிபாய் புலே பள்ளிக்கு நடந்துபோகிற வழியில் சாணியும் கல்லும் வந்து விழும். கையில் மாற்றுச் சேலை ஒன்று வைத்திருப்பார், பள்ளிக்குப் போனதும் உடுத்திக்கொண்டு பாடத்தை ஆரம்பித்துவிடுவார். உண்மையான நிகழ்ச்சிதான், எத்தனை முறை சொன்னாலும் தகும். ஆனால் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நம் பாடப்புத்தகங்களும் மேடைப் பேச்சுகளும் அந்தச் சேலையோடு அவரை விட்டுவிடுகின்றன. அதற்குப் பிறகு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அவர் உயிரோடு இருந்தார். பொறுத்துக்கொண்டவர் என்று மட்டும் தெரிந்துவைத்திருக்கிறோம். அவர் வாதாடியவர், மிரட்டியவர், அதிகாரியோடு நேருக்கு நேர் பேசிக் காரியம் சாதித்தவர். அந்த சாவித்திரிபாயைப் பார்க்க வேண்டுமானால் கணவருக்கு அவர் எழுதிய கடிதங்களைத்தான் படிக்க வேண்டும். மூன்று கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. மா. கோ. மாளி தொகுத்து 1988இல் மகாராஷ்டிர அரசு வெளியிட்ட அவருடைய முழுத் தொகுப்பில் அவை இருக்கின்றன.

கடிதங்களுக்குப் போகுமுன் கவிதை பற்றிக் கொஞ்சம். 1854இல் ‘காவ்யபுலே’ என்ற அவருடைய தொகுப்பு அச்சில் வந்தது. அப்போது வயது 23. மல்லிகை, செண்பகம், ரோஜா என்று பூக்களைப் பற்றிய பாடல்கள் ஒருபுறம், எழுந்து படிக்க வா என்று சூத்திரரையும் தீண்டப்படாதவர் என ஒதுக்கப்பட்டவரையும் கூப்பிடும் பாடல்கள் மறுபுறம். இன்னொரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. ஜோதிராவ் 1855இல் எழுதிய நாடகம் அவர் காலத்தில் அச்சேறவில்லை. சிவாஜியைப் பற்றிய அவருடைய பாடல் வெளியானது 1869இல். அந்த வீட்டில் முதலில் நூலாசிரியர் ஆனவர் மனைவிதான். ஒன்பது வயதில் கல்யாணமாகி வந்தபோது எழுத்துத் தெரியாதிருந்த மனைவி.

முதல் கடிதத்தின் தேதி 10 அக்டோபர் 1856. உடம்பு சரியில்லாமல் பிறந்த ஊரான, சாத்தாரா பக்கத்து நைகாவுக்கு வந்திருக்கிறார். கூடப்பிறந்தவர்தான் பக்கத்திலிருந்து கவனித்துக்கொள்கிறார். உடம்பு கொஞ்சம் தேறியதும் அதே சகோதரர் ஆரம்பிக்கிறார்: நீயும் உன் புருஷனும் தீண்டக்கூடாத மகர்களுக்கும் மாங்குகளுக்கும் பாடம் சொல்லிக்கொண்டிருந்தால் சாதியைவிட்டுத் தள்ளிவைக்காமல் என்ன செய்வார்கள்? பிராமணர் சொல்கிறபடி, குல வழக்கப்படி நடந்துகொள்ளுங்கள். இந்தப் பேச்சு தாய்க்கே பிடிக்கவில்லை என்று எழுதுகிறார். அண்ணன் தம்பியிடமிருந்து இப்படி ஒரு பேச்சைக் கேட்காத பெண் நம்மூரிலும் குறைவு.

சாவித்திரிபாய் கோபப்படவில்லை. ஆட்டையும் மாட்டையும் தடவிக்கொடுக்கிறாய், நாகபஞ்சமி வந்தால் விஷப்பாம்புக்குப் பால் வார்க்கிறாய், உன்னைப் போலவே மனிதராயிருக்கிற மகரையும் மாங்கையும் தொடமாட்டேன் என்கிறாய், காரணம் சொல் என்கிறார். அதோடு விடவில்லை. மடி உடுத்திய பிராமணர் உன்னையும்தானே தள்ளி நிற்கச் சொல்கிறார், அவருக்கு நீயும் மகரும் ஒன்றுதானே என்று அடுத்த கேள்வி. சகோதரர் முகம் சிவந்துபோகிறது. பேச்சு அங்கே முடியாமல் நீள்கிறது. நீளவிட்டதுதான் அவர் வெற்றி. இது பிரசங்கியின் முறை இல்லை, வாத்தியாருடைய முறை. பிள்ளைக்குத் தெரிந்த ஆட்டிலிருந்து தொடங்கி, தெரியாததாகப் பாவிக்கிற இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தி, பதிலை அதன் வாயாலேயே சொல்லவைப்பது.

இதே கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி. தான் இல்லாததால் பாத்திமாவுக்கு வேலைச்சுமை கூடியிருக்கும், ஆனாலும் அவள் முணுமுணுக்கமாட்டாள் என்று எழுதுகிறார். உடன் பாடம் நடத்திய பாத்திமா ஷேக்தான் அது. அவரைப் பற்றி இன்று எவ்வளவோ பேசுகிறோம். உடன் வேலைபார்ப்பவர்மேல் வைத்த இந்த ஒரு வரி நம்பிக்கைக்கு முன்னால் அவையெல்லாம் எனக்குச் சப்பென்று இருக்கின்றன.

இரண்டாவது கடிதம் 29 ஆகஸ்ட் 1868. இதுவும் நைகாவிலிருந்துதான். கணேஷ் என்று ஒரு பிராமண இளைஞன், பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ச் சடங்கு செய்துவைத்தும் சோதிடம் சொல்லியும் பிழைக்கிறவன். சாரஜா என்ற மகர் பெண்ணோடு அவனுக்குக் காதல். அவள் ஆறு மாதக் கர்ப்பம். ஊருக்குத் தெரிந்துபோகிறது. இருவரையும் பிடித்து, அடித்து, தெருத்தெருவாக இழுத்துப்போகிறார்கள். தீர்த்துக்கட்டிவிடுவதாகப் பேச்சு. செய்தி கேட்டதும் சாவித்திரிபாய் ஓடுகிறார்.

அந்தக் கூட்டத்தை அவர் எப்படிக் கலைத்தார் என்று பாருங்கள். தர்மம் பேசவில்லை. கருணையை எதிர்பார்க்கவில்லை. வெள்ளைக்காரன் சட்டப்படி கொலைக்கு என்ன தண்டனை என்பதை எடுத்துச் சொல்கிறார். கூட்டம் அடங்குகிறது. ஆனாலும் இந்த இரண்டு பேரும் ஊரில் இருக்கக்கூடாது என்கிறார்கள். சரி என்று இருவரும் அதற்கு ஒத்துக்கொள்கிறார்கள். உயிர் முதலில், மற்றதெல்லாம் பிறகு. காலில் விழுந்து அழுகிற இருவரையும் தேற்றி, புனாவுக்கு, ஜோதிராவிடமே அனுப்பிவைக்கிறார். அனுப்புவதைச் சொல்லத்தான் அந்தக் கடிதம்.

ஆணவக் கொலைச் செய்தி வராத மாதம் நமக்கு இன்றும் இல்லை. செய்தியைப் படித்து வருத்தப்பட நாம் ஏராளமான பேர் இருக்கிறோம். அடி விழுந்துகொண்டிருக்கிற தெருவுக்கு ஓடிப்போகிற ஆள்தான் கிடைப்பதில்லை.

மூன்றாவது கடிதம் ஜுன்னர் பக்கத்து ஓதூரிலிருந்து, 20 ஏப்ரல் 1877. நம் பாட்டன்மார் தாது வருஷப் பஞ்சம் என்று சொன்னது இதே பஞ்சத்தைத்தான். தக்காணத்தில் கால்நடைகள் விழுந்து சாகின்றன, ஜனங்கள் இலைதழையைத் தின்கிறார்கள், ஊரைக் காலி செய்துகொண்டு போகிறார்கள். 1873இல் ஜோதிராவ் நிறுவிய சத்யசோதக் சமாஜத்துக்காரர்கள் ஊர் ஊராகக் குழு அமைத்து நிவாரண வேலை செய்கிறார்கள். இந்த நேரம் பார்த்து வட்டிக்கடைக்காரர்கள் குடியானவர்களைப் பிழிகிறார்கள். கலகம் மூளுகிறது. நிவாரணம் செய்துகொண்டிருந்த சமாஜத்துக்காரர்கள் ஐம்பது பேரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது.

கலெக்டர் சாவித்திரிபாயை அழைத்துப் பேசுகிறார். பொய்க் குற்றம் சுமத்தி நல்ல மனிதர்களை ஏன் பிடித்து வைத்திருக்கிறீர்கள், உடனே விடுங்கள் என்று இவர் கேட்கிறார். கலெக்டர் தன் ஆட்களையே கடிந்துகொண்டு, பிடித்தவர்களை விடச் சொல்லிவிட்டு, நான்கு மாட்டுவண்டி சோளமும் அனுப்பிவைக்கிறார். அந்த அதிகாரி நியாயமானவர் என்று சாவித்திரிபாயே மனதாரக் குறித்திருக்கிறார். இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. எதிரில் இருப்பவன் யார் என்று எடைபோட்டு, அதற்குத் தக்கபடி பேசுகிற சாமர்த்தியம் அவருக்கு இருந்தது. நைகாவில் சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்தியவர், இங்கே சட்டத்தின் ஆளிடமே நியாயம் கேட்கிறார்.

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிராமண விதவைகள் கர்ப்பமானால் சிசுவைக் கொல்வதோ தாங்களே உயிரை விடுவதோதான் வழி என்றிருந்த காலத்தில், 1863இல் புலே தம்பதி தங்கள் வீட்டையே அவர்கள் ரகசியமாகப் பிள்ளை பெற்றுக்கொள்ளும் இடமாக்கினார்கள். அப்படி வந்த ஒரு பெண்ணின் மகன் யஷ்வந்தை 1874இல் தத்தெடுத்தார்கள். 1890 நவம்பர் 28இல் ஜோதிராவ் இறந்தபோது யஷ்வந்த் கொள்ளி வைக்கக்கூடாது என்று பங்காளிகள் தகராறு செய்தார்கள். சாவித்திரிபாய் தாமே கொள்ளிச்சட்டியை ஏந்தி ஊர்வலத்துக்கு முன்னால் நடந்தார், சிதைக்கும் தீ வைத்தார். மூன்று வருஷம் கழித்து, சாஸ்வத்தில் கூடிய சமாஜ மாநாட்டுக்குத் தலைமையேற்றார்.

1897இல் புனாவில் பிளேக். டாக்டராகியிருந்த யஷ்வந்த் ஊருக்கு வெளியே, ஹடப்சர் பக்கம் சிகிச்சை முகாம் போட்டிருந்தார். முந்த்வாவின் மகர் குடியிருப்பில் காய்க்கட்டியோடு கிடந்த ஒரு சிறுவனைச் சாவித்திரிபாய் தம் முதுகில் சுமந்து அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். நோய் அவரையும் பிடித்தது. மார்ச் 10ஆம் தேதி இறந்தார். வயது 66.

பள்ளி தொடங்கிய அந்த பிடே மாளிகை சிதிலமடைந்து, கடைகளுக்கு நடுவே வெகுகாலம் கிடந்தது. வழக்கெல்லாம் முடிந்து, நினைவிடம் கட்டுவதற்காக 2023 டிசம்பரில் இடித்தார்கள். கட்டடம் வரட்டும், வேண்டாம் என்று யார் சொல்வார்? ஆனால் ஒரு ஆசிரியர் என்ன சொல்லிக்கொடுத்தார் என்பதற்கு அவர் மாணவர்தான் சாட்சி. புலே தம்பதியின் பள்ளியில் மூன்று வருஷம் படித்த முக்தா என்ற 14 வயது மாங் பெண், 1855இல் ‘ஞானோதயா’ பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினாள். வேதம் பிராமணருக்கு மட்டும்தான் என்றால் எங்களுக்கு வேதம் இல்லை, அப்படியானால் எங்கள் மதம் எது என்று அதில் கேட்டாள். கட்டடங்களின் அஸ்திவாரத்தில் தன் சனத்தை உயிரோடு புதைத்ததையும் அதில் எழுதினாள். அந்தக் கட்டுரையை அடுத்த வாரம் வரிவரியாகப் பார்ப்போம்.

(தொடரும்)