மீன்தொட்டியும் மின்சாரமும்

பிழைப்புக்காகப் பெருநகரங்களில் குடியேறிய நம்மவர் அநேகருடைய சிறிய வீடுகளில், பிள்ளைகளின் மகிழ்ச்சிக்காக மீன்தொட்டி ஒன்று இடம்பெற்றிருக்கிறது. மும்பையில் விளக்கு, ஃபில்டர், ஏர் பம்ப் ஆகியவையே பெரும்பாலும் போதும். டில்லியின் ஜனவரிக் குளிரிலோ ஹீட்டரும் வேண்டியதாகிறது. பொதுவாக இவை 230 வோல்ட் மின்சாரத்தில் இயங்குகிறவை.

"தண்ணீரில் மின்சாரம் கசிந்தால் மீன்கள் செத்து மிதக்குமே" என்று பலர் துணிந்து கையை விடுகிறார்கள். இது ஆபத்தான எண்ணம். கண்ணாடித் தொட்டியிலிருந்து தரைக்குச் செல்ல மின்சாரத்திற்கு வழியில்லாதவரை, கம்பியில் அமர்ந்த காக்கையைப் போல மீன்கள் சுகமாகவே நீந்தக்கூடும். ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்கிறவரின் சரீரமே அந்த வழியாகிவிடுகிறது.

ஹீட்டரைக் குறித்து அதிக ஜாக்கிரதை வேண்டும். அதன் கண்ணாடிக் குழாயில் மயிரிழை விரிசல் விழுந்தாலே போதும். அது எரிந்துகொண்டிருக்கும்போது தண்ணீரை இறைத்தால் குழாய் கடும் சூடேறும். பின்பு குளிர்ந்த நீர் பட்டவுடன் வெடிக்கலாம். ஆகையால் கால் மணி நேரத்திற்கு முன்பே அதை நிறுத்திவிடுங்கள். ஸ்விட்சை மட்டும் நம்ப வேண்டாம், பிளக்கையே பிடுங்குங்கள். வயரிங் மாறியிருக்கும் பழைய வீடுகளில் ஸ்விட்ச் நியூட்ரலை மாத்திரமே துண்டிக்கும். கருவியில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும்.

வாடகை வீடுகளில் மற்றொரு கண்ணி உண்டு. பிளக் பாயிண்டில் மூன்றாவது துளை இருக்கும். அதன் பின்னே எர்த் கம்பி இராது. எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதித்துவிடுங்கள். மெயின் போர்டில் எம்.சி.பி. இருக்கிறதென்று நிம்மதியாயிருப்பவர்களும் உண்டு. அது அதிக மின்பளுவிலிருந்து வயரைக் காக்கிறது, மனிதரை அல்ல. உயிரைப் பறிக்க ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும். 6 ஆம்பியர் எம்.சி.பி. அதை உணராது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. என்னும் கருவியோ, போகும் மின்சாரத்திற்கும் திரும்பும் மின்சாரத்திற்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டு நொடிப்பொழுதில் துண்டித்துவிடும். வீட்டுக்காரர் செலவை ஏற்காவிட்டாலும், அனுமதி பெற்று நாமே பொருத்திக்கொள்ளலாம். அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை மாதந்தோறும் அழுத்திப் பாருங்கள்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் வைக்காதீர்கள். தொட்டியிலிருந்து வரும் வயர் பிளக்கிற்குக் கீழே தொங்கி, வளைந்து மேலேறட்டும்; வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும். ஏர் பம்பை நீர்மட்டத்திற்கு மேலே வையுங்கள். இல்லையேல், மின்தடையின்போது குழாய் வழியே தண்ணீர் பம்பிற்குள் இறங்கிவிடும்.

யாரேனும் மின்சாரத்தால் தாக்கப்பட்டால் பதறி அவரைத் தொடாதீர்கள். முதலாவது மெயின் ஸ்விட்சை நிறுத்தி, உடனே 112-ஐ அழையுங்கள்.